சொட்டவிடுவதா, வடித்துவிடுவதா? டெக்சஸ் குளிரில் வீட்டுக் குழாய்கள்

டெக்சஸ் வீடுகளை வெயிலை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பல வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் அட்டிக் (கூரைக்கு அடியில் இருக்கும் வெற்றிடம்) வழியாகவும் வெளிச்சுவருக்குள்ளும் ஓடுகின்றன. டொராண்டோவில் இப்படிக் கட்டினால் முதல் ஜனவரியே தாண்டாது. 2021 பிப்ரவரியில் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் பதிவானபோது அந்தக் கணக்கு டெக்சஸிலும் தீர்ந்தது. அதன்பின் உறைகுளிர் எச்சரிக்கை வரும்போதெல்லாம் அதே கேள்விதான்: குழாயைச் சொட்டவிடலாமா, ஃபோம் உறை போடலாமா, குழாயில் சுற்றும் ஹீட் கேபிள் (கரண்டில் சூடாகும் வயர்) வாங்கலாமா, மெயினை (வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதன்மை வால்வை) மூடி மொத்தத்தையும் வடித்துவிடலாமா?

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஆனால் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் உடைவதில்லை. பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறுகிறது. எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. குளிர் விட்டு உருகிய பிறகுதான் கூரையிலிருந்து கொட்டும்.

சொட்டவிடுவது பலிப்பதும் இதனால்தான். ஓடும் தண்ணீர் உறையவே உறையாது என்பதல்ல, அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது. மெயினிலிருந்து தூரத்தில், வெளிச்சுவரை ஒட்டி இருக்கும் குழாயைத் தேர்ந்தெடுங்கள். சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டும் சொட்ட வேண்டும். அட்டிக்கில் இரண்டுமே ஓடுகின்றன. சிங்குக்கு அடியில் உள்ள கேபினட் கதவையும் திறந்து வைத்தால் அறைச் சூடு உள்ளே போகும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஊர்த் தண்ணீரை நம்பிய வழி இது. 2021-இல் குழாய்கள் உடைந்து, எல்லோரும் சொட்டவிட்டு, பல ஊர்களில் அழுத்தமே விழுந்துவிட்டது.

ஃபோம் உறை மலிவு, எப்படியும் போடலாம். ஆனால் அது சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓரிரு இரவுக்குத் தாங்கும், கரண்ட் இல்லாத மூன்று நாளுக்குத் தாங்காது. மூலைகளையும் இணைப்புகளையும் விட்டுவிட்டால் அங்கேதான் உறையும். அட்டிக்கில் குழாய்க்கு மேலே பஞ்சு போர்த்துங்கள். கீழே திணித்தால் வீட்டுச் சூடு குழாயை எட்டாது.

இவற்றில் தானே சூடு கொடுப்பது ஹீட் கேபிள் ஒன்றுதான். கேரேஜ் சுவரில் வெளியே தெரியும் ஒற்றைக் குழாய்க்குப் பொருத்தம், சுவருக்குள் ஓடும் குழாய்க்குப் பயன்படாது. எப்போதும் ஒரே அளவு சூடு கொடுக்கும் மலிவான வகையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் தீப்பிடிக்கலாம். குளிருக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும் வகை மேல். ஆனால் 2021-இல் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. அப்போது அது வெறும் வயர். டெக்சஸைப் பொறுத்தவரை நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

மிஞ்சுவது வடிப்பது. கரண்டையும் ஊர்த் தண்ணீரையும் நம்பாத வழி இதுதான். மெயினை மூடி, மேல்மாடியிலும் கீழேயும் குழாய்களைத் திறந்து, டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தால் பெரும்பகுதி வடிந்துவிடும். வாட்டர் ஹீட்டரையும் காலி செய்வதாக இருந்தால் முதலில் அதன் பிரேக்கரை அணைக்க வேண்டும். எலக்ட்ரிக் ஹீட்டர் தண்ணீரில்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் எலிமென்ட் கருகிவிடும். வீட்டில் ஆள் இருந்தால் இது தொல்லைதான், முன்கூட்டியே பாத்டப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும். டிசம்பரில் மூன்று வாரம் சென்னைக்குக் கிளம்பும் குடும்பத்துக்கோ யோசிக்கவே வேண்டாம். தெர்மோஸ்டாட்டை 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, மெயினையும் மூடிவிட்டுப் போங்கள். குழாயில் விரிசல் விட்டாலும் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஓடாது. ஆளில்லாத வீட்டில் சொட்டவிட்டுப் போவது வேண்டாம். சிங்க் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் அதுவே வெள்ளம்.

தோட்டக் குழாயில் ஒப்பிட ஒன்றுமில்லை: ஹோஸைக் கழற்றி, ஃபோம் மூடி மாட்டினால் சரி. ஹோஸ் மாட்டியே இருந்தால் உறையாத வகை என்று விற்கும் குழாயும் உடையும்.

எதைத் தேர்ந்தாலும் மெயின் வால்வு எங்கே என்று இன்றே பாருங்கள். பல வீடுகளில் தெருவோர மீட்டர் பெட்டிக்குள்தான் இருக்கும். அதைத் திருப்ப நீளக் கைப்பிடிச் சாவி தேவைப்படும். எச்சரிக்கை வந்த பிறகு கடைக்குப் போனால் அது கிடைப்பது சந்தேகம்.