ரெமினாவும் மெய்நிகர் கணினிகளும்: நெடுநாள் புழக்கத்தில் தெரிய வந்தவை

லினக்ஸ் மேசைக்கணினியில் இருந்தபடி பல மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் கணினிகள், சுருக்கமாக விஎம்) கையாள்வோருக்கு, அவற்றின் திரையைத் தொலைவிலிருந்து திறக்கும் ரெமினா நம்பிப் பயன்படுத்தக்கூடிய கிளையன்ட். ஆர்டிபி, விஎன்சி, ஸ்பைஸ் ஆகிய தொலைத்திரை முறைகள், மறையாக்கிய கட்டளை இணைப்பான எஸ்எஸ்எச் எல்லாம் ஒரே சாளரத்தில் தாவல்களாகத் திறக்கும். முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் முதல் நாளே வேலை செய்துவிடும். சிக்கல்கள் சில மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். நேற்றுவரை திறந்த விஎம் இன்று திறக்காது. அல்லது அதற்குப் பதில் வேறொரு விஎம் வந்து நிற்கும். எந்தத் திரையோடு இணைகிறோம் என்று முடிவு செய்யாமலேயே ப்ரொஃபைல் (சேமித்து வைக்கும் இணைப்பு அமைப்பு) உருவாக்கியதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஒரு விஎம்முக்கு இரண்டு திரைகள் உண்டு. ஒன்று, விஎம்களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் தரும் கன்சோல். விஎம் உயிர்பெறும் நொடியிலிருந்து, பயாஸ் திரை உட்பட, எல்லாம் அதில் தெரியும். கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்மில் ஓடும் இயங்குதளத்துக்குள், நெட்வொர்க் செத்துப்போயிருந்தாலும் அது தெரியும். இன்னொன்று கெஸ்ட் இயங்குதளம் தரும் செஷன்: விண்டோஸின் ஆர்டிபி, லினக்ஸில் ஆர்டிபி சேவை தரும் எக்ஸ்ஆர்டிபி. ஓட்டம் சீராக இருக்கும், ஒலி வரும், காப்பி-பேஸ்ட் நடக்கும். ஆனால் கெஸ்ட்டில் ஃபயர்வால் விதி ஒன்று பிசகினாலும் இணைப்பு போய்விடும். ஆகவே ஒவ்வொரு விஎம்முக்கும் இரண்டு ப்ரொஃபைல் வைப்பதே சரி. அன்றாட வேலைக்கு செஷன், ஆபத்துக்கு கன்சோல். பெயரிலேயே வேறுபாடு தெரியட்டும். விஎம் பெயரோடு ‘கன்சோல்’, ‘வேலை’ என்று பின்னொட்டு போட்டால் போதும்.

கன்சோலிலிருந்து தொடங்கலாம். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மும் அதை நிர்வகிக்கும் லிப்விர்ட்டும் உள்ள ஹோஸ்ட்டில் (விஎம்களைத் தாங்கும் கணினியில்) விஎன்சி திரை வழக்கமாக 127.0.0.1 என்ற லூப்பேக் முகவரியில், அதாவது அதே கணினிக்குள் மட்டுமே கேட்கும். வெளியிலிருந்து எட்டவில்லை என்பதற்காக எல்லா முகவரியிலும் கேட்கும்படி அதை 0.0.0.0 என்று மாற்றுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சாதாரண விஎன்சி அங்கீகாரத்தில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகளுக்கு மேல் கணக்கில் வராது. அதன் பிறகு போகும் தரவும் மறையாக்கம் செய்யப்படாது. ரெமினா ப்ரொஃபைலில் எஸ்எஸ்எச் டன்னல் (மறையாக்கிய பாதை) தாவலைத் திறந்து டன்னலை இயக்குங்கள். அங்கேயே லூப்பேக் முகவரி வழியாக டன்னல் செய்யும் விருப்பத்தையும் தேர்வு செய்யுங்கள். இந்த இரண்டாவது குறியை விட்டுவிட்டால் டன்னல் சரியாகத் திறந்தும் திரை வராது. ஹோஸ்ட் தன் வெளி முகவரியில் விஎன்சியைத் தேடிக்கொண்டிருக்கும்.

வேறு விஎம் திறக்கும் குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. லிப்விர்ட் தானாக போர்ட் (இணைப்புக்கான எண்) ஒதுக்கும்போது 5900, 5901, 5902 என்று விஎம்கள் எழும் வரிசையில் கொடுத்துக்கொண்டே போகும். ஹோஸ்ட் மறுதொடக்கம் ஆகி வரிசை மாறினால் உங்கள் ப்ரொஃபைல் பக்கத்து விஎம்மைக் காட்டும். அது தெரியாமல் ஷட்டவுன் கொடுத்துவிட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்பில் ஆட்டோபோர்ட்டை அணைத்து 5911, 5912 என்று நிலையான எண் கொடுங்கள். மவுஸ் அம்பு ஓரிடம், கிளிக் விழுவது வேறிடம் என்றால் விஎம்மில் யுஎஸ்பி டேப்லெட் சாதனம் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம், சேர்த்தவுடன் சரியாகும்.

ஸ்பைஸ் இன்னும் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் அதை நீக்கிவிட்டார்கள். புதிதாக அமைக்கும் ஹோஸ்ட்களில் விஎன்சியை எடுத்துக்கொள்வதே நல்லது. இன்னொரு ஹைப்பர்வைசரான விர்ச்சுவல்பாக்ஸில் கன்சோலைத் தொலைவிலிருந்து ஆர்டிபியில் பார்க்க எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு தேவை. அதன் இயல்பு போர்ட்டும் 3389 என்பதால் ஹோஸ்ட்டில் ஏற்கெனவே ஆர்டிபி சேவை இருந்தால் மோதும். வேறு எண் கொடுத்துவிடுங்கள்.

இனி வேலைக்கான ப்ரொஃபைல். முதலில் முகவரி நிலையாக இருக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் (கெஸ்ட்டை ஹோஸ்ட்டின் முகவரிக்குப் பின்னால் மறைப்பது) கெஸ்ட்டுக்கு வழக்கமாக 10.0.2.15 கிடைக்கும், அதை வெளியிலிருந்து எட்ட முடியாது. ஹோஸ்ட்டின் 33890 போன்ற ஒரு போர்ட்டை கெஸ்ட்டின் 3389-க்குத் திருப்ப வேண்டும். லிப்விர்ட்டின் இயல்பு நெட்வொர்க் 192.168.122.0 வரிசை, வேறு கணினியிலிருந்து இணைய, ஹோஸ்ட் வழியாக எஸ்எஸ்எச் டன்னல் போதும். விஎம் நேரடியாக நெட்வொர்க்கில் சேரும் பிரிட்ஜ் முறையானால், நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரிக்கு, ஐபி வழங்கும் டிஎச்சிபியில் இடம் ஒதுக்குங்கள். விஎம்மை குளோன் செய்யும்போது மேக் மாறும், ஐபியும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் கெஸ்ட்டில் இணைப்பு நேரம் கடந்து தோற்றால் அது நெட்வொர்க் பக்கத்துச் சிக்கல், பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். ஹோம் பதிப்பு ஆர்டிபி இணைப்பை ஏற்காது, ப்ரோ வேண்டும். உடனடியாக அங்கீகாரம் மறுக்கப்பட்டால்தான் பயனர் பக்கம் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு தொலைவிலிருந்து நுழைய இயல்பில் அனுமதி இல்லை. அடுத்த நுழைவில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று குறிக்கப்பட்ட கணக்கு செஷன் திறக்கும் முன்பே அங்கீகாரம் நடக்கும் என்எல்ஏ கட்டத்திலேயே திருப்பி அனுப்பப்படும். கன்சோல் ப்ரொஃபைலில் போய் ஒருமுறை மாற்றிவிட்டு வாருங்கள். ப்ரொஃபைலில் டொமைன் (நிறுவனக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் குழு) என்ற பெட்டியையும் கவனியுங்கள். உள்ளூர்க் கணக்கென்றால் அதில் கணினியின் பெயரை இடுங்கள்.

மெய்நிகர் கணினிகளுக்கே உரிய தொல்லை ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் ஒரு கணத்து நிலையைச் சேமித்து வைப்பது. அதற்குத் திரும்புவது கெஸ்ட்டின் காலத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதன் விளைவுகளெல்லாம் ரெமினாவில் இணைப்புப் பிழைகளாகத் தெரிகின்றன. விண்டோஸ் ஆர்டிபிக்குத் தானே கையொப்பமிடும் சான்றிதழ் 6 மாதம் செல்லும், பிறகு தானாகப் புதுப்பிக்கப்படும். அப்போது ரெமினா சான்றிதழ் மாறிவிட்டதாக எச்சரிக்கும். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் பழைய சான்றிதழ் வந்து மறுபடி எச்சரிக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது கெட்ட பழக்கம். கன்சோலில் நுழைந்து சான்றிதழின் கைரேகை எண்ணை (அதன் அடையாள எண்ணை) ஒப்பிட்ட பின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

டொமைனில் சேர்ந்த விஎம் என்றால் இன்னும் கடினம். கணினிக் கணக்கின் பாஸ்வேர்டு இயல்பில் 30 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் போனால் டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்து, டொமைன் கணக்கு எதுவும் உள்ளே நுழையாமல் போகலாம். இதற்காகவே ஒவ்வொரு விஎம்மிலும் ஓர் உள்ளூர் நிர்வாகிக் கணக்கை உயிரோடு வைத்திருக்க வேண்டும். கடிகாரமும் அப்படித்தான்: டொமைனின் அங்கீகார முறையான கெர்பரோஸ் இயல்பில் 5 நிமிட வேறுபாடு வரைதான் பொறுக்கும். உறங்க வைத்த விஎம்மை எழுப்பியதும் நேரம் ஒத்திசைந்துவிட்டதா என்று பார்ப்பது பாதித் தலைவலியைக் குறைக்கும்.

படத்தரம் பற்றி நெடுநாள் பார்த்ததில் ஒரு கருத்து உறுதியாகியிருக்கிறது: ‘சிறந்த’ தரம் எல்லா விஎம்முக்கும் சிறந்தது ஆகாது. நிறஆழப் பட்டியலில் உள்ள படச் சுருக்க முறைகளில் ஏவிசி444 வண்ண எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும், ஏவிசி420 அலைவரிசையைச் சேமிக்கும். ஆனால் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத விஎம்மில் இவை இரண்டும் பயன்படுத்தும் எச்.264 குறியாக்கம் முழுவதும் மெய்நிகர் சிபியூவின் தலையில் விழுகிறது. 2 சிபியூ மட்டும் ஒதுக்கிய கெஸ்ட்டில், உள் நெட்வொர்க்கில் இருந்தால், அதே பட்டியலிலுள்ள ரிமோட்எஃப்எக்ஸ் பெரும்பாலும் இலகுவாக ஓடும். மெல்லிய இணைப்பில் ஏவிசி420 எடுத்து, தர அமைப்பைக் குறைவானதாக வையுங்கள். அப்போது எழுத்து மென்மையாக்கமும் அணைந்துவிடும், தமிழ் எழுத்துகளின் சுழிகள் பல்பல்லாகத் தெரியும். ரெமினாவின் பொது விருப்பங்களில் ஆர்டிபி தாவலுக்குப் போய், அந்தத் தரநிலைக்கு எழுத்து மென்மையாக்கத்தை மட்டும் திரும்ப இயக்கலாம். அருமையான வசதி, பலருக்குத் தெரிவதில்லை.

தமிழ்த் தட்டச்சு முறையை கெஸ்ட்டுக்குள்ளேயே அமைத்துக்கொண்டு, உங்கள் பக்கம் விசைப்பலகையை ஆங்கிலத்தில் விடுங்கள். ஆர்டிபி இயல்பாக அனுப்புவது விசையின் இட எண்ணை. அதை எழுத்தாக்குவது கெஸ்ட்தான். இன்னொன்று, ரெமினாவின் ஹோஸ்ட் விசை (அதன் குறுக்குவழிகளுக்கான விசை) வலது கண்ட்ரோல். விர்ச்சுவல்பாக்ஸுக்கும் அதுவே. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்ஆர்டிபி வழி லினக்ஸ் கெஸ்ட்டில் கருப்புத் திரை வந்தாலோ உடனே துண்டித்தாலோ, அதே பயனர் கன்சோலில் நுழைந்திருக்கிறாரா என்று பாருங்கள். க்னோம் மேசைச்சூழலில் பெரும்பாலும் அதுதான் காரணம், வெளியேறினால் திறக்கும். ஒலிக்குத் தனி மாட்யூல் நிறுவ வேண்டும். நுழைந்தவுடன் வண்ண மேலாண்மைச் சாதனத்துக்கு நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டுப் பெட்டி எழுந்தால், உரிமைகளை முடிவு செய்யும் போல்கிட்டில் அதற்கென ஒரு விதி சேர்க்கலாம்.

விண்டோஸ் விஎம்மில் திரைவழித் தானியங்கிச் சோதனைகள் ஓட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெமினாவை மூடினால் செஷன் அழியாது, துண்டிக்கப்பட்டு உள்ளே ஓடும். ஆனால் திரை வரையப்படுவது நின்றுவிடும், சோதனைகள் பொத்தான்களைக் காணாமல் தோற்கும். நிர்வாகி உரிமையோடு டிஎஸ்கான் கட்டளையால் செஷனைக் கன்சோலுக்குத் திருப்பிவிட்டு வெளியேறினால் ஓட்டம் தொடரும். அப்போது கன்சோல் பூட்டப்படாமல் திறந்தே கிடக்கும். கன்சோல் போர்ட்டை டன்னலுக்குள் வைத்திருப்பதன் அருமை அப்போது புரியும்.

ப்ரொஃபைல்களைப் புதுக் கணினிக்கு நகர்த்துவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பாஸ்வேர்டுகளை சீக்ரெட் பிளக்இன் இருந்தால் கணினியின் பாஸ்வேர்டுப் பெட்டகமான கீரிங் வைத்திருக்கும். இல்லையென்றால் அவை ப்ரொஃபைல் கோப்பிலேயே மறையாக்கப்பட்டிருக்கும், திறவுகோல் ரெமினாவின் பொது விருப்பக் கோப்பில் இருக்கும். ப்ரொஃபைல்களை மட்டும் நகலெடுத்தால் பாஸ்வேர்டுகள் திறக்காது. விருப்பக் கோப்பையும் சேர்த்து நகலெடுத்தால், அந்த இரண்டும் கிடைப்பவருக்கு எல்லா விஎம்களும் திறந்தவை. கீரிங் முறையையே எடுத்துக்கொண்டு, புதுக் கணினியில் பாஸ்வேர்டுகளைத் திரும்பத் தட்டுவது மேல். ஃபிளாட்பேக் (தனிப்பொதியாக நிறுவும்) பதிப்பில் இந்தக் கோப்புகள் ஹோம் அடைவின் மறைந்த ‘.var’ அடைவுக்குள் இருக்கும். பழைய இடத்தில் தேடி ஏமாறாதீர்கள்.