மடிக்கணினித் திரையின் நிறம்: நான்கு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு, உறவினர்களின் பழைய லயத்து வீட்டுப் படங்களை ஸ்கேன் செய்து திருத்தும் வேலையை நான்கு ஆண்டுகளாக ஒரே மடிக்கணினியில் செய்து வருகிறேன். இன்டெல் கிராஃபிக்ஸும் என்விடியா கார்டும் சேர்ந்த, நடுத்தர விலைக் கணினி அது. வாங்கிய நாளிலிருந்தே படங்கள் வெளிறித் தெரிந்தன.

முதலில் என்விடியா கண்ட்ரோல் பேனலில் நிறம் மாற்றும் பக்கத்தைத் தேடி ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன். அந்தப் பக்கமே அதில் இல்லை. இப்படி இரண்டு கிராஃபிக்ஸ் கொண்ட பல மடிக்கணினிகளில் திரை இன்டெலுடன்தான் இணைந்திருக்கும். என்விடியா படத்தை உருவாக்கித் தரும். அதைத் திரைக்கு அனுப்புவது இன்டெல். ஆகவே இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அங்கே பிரைட்னஸைக் கூட்டியது நான் செய்த பெரிய தவறு. விசைப்பலகையில் கூட்டும் வெளிச்சம் திரைக்குப் பின்னாலுள்ள விளக்கைச் சேர்ந்தது. கிராஃபிக்ஸ் அமைப்பிலுள்ள பிரைட்னஸ் அந்த விளக்கைத் தொடுவதே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் உள்ள 0 முதல் 255 வரையிலான எண்களை அது மேலே தள்ளுகிறது. அதனால் கறுப்பு சாம்பலாகிறது, 255ஐத் தாண்ட வழியில்லாத வெளிர் பகுதிகள் ஒன்றாகக் கலந்து வெள்ளையாகிவிடுகின்றன. அப்படி வெளுத்த திரையை நம்பி, படங்களில் வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று எண்ணி, மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக நாற்பது படங்களை இருட்டாக்கி ஈப்போவில் அச்சிடக் கொடுத்தேன். “என்னடா இது, எல்லாரும் பொழுது சாஞ்ச பிறகு நிக்கிற மாதிரி இருக்கு” என்றார் அத்தை. அச்சுக் கடைமேல் எந்தப் பிழையும் இல்லை. எல்லாவற்றையும் மீண்டும் திருத்தி அச்சிட்டேன்.

அதன் பிறகு பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் பழைய நிலைக்கே கொண்டுபோய், காமாவை மட்டும் 1.0இலிருந்து 0.9க்குக் குறைத்தேன். காமா முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் அப்படியே விட்டுவிட்டு இடைப்பட்ட நிழல்களை மட்டுமே மாற்றுகிறது. முகங்களின் நிறம் பெரும்பாலும் அந்த இடைப்பகுதியில்தான் இருக்கிறது. வெளிறல் பெருமளவு நீங்கியது இந்த ஒரே மாற்றத்தால்தான். விண்டோஸிலேயே உள்ள திரை நிறக் கருவியிலும் வட்டங்களுக்கு நடுவே உள்ள புள்ளிகள் மறையும்வரை காமாவைச் சரிசெய்யலாம். இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

செறிவு, அதாவது சாச்சுரேஷன், இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. பால்மரத்தடியில் அம்மா நிற்கும் படம் ஒன்று உண்டு. அதில் அவர் உடுத்தியிருக்கும் கிளிப்பச்சைச் சேலை இன்றும் பெட்டியில் இருக்கிறது. காலை பத்து மணி வெளிச்சத்தில் அந்தச் சேலையை மடித்துத் திரையோரம் பிடித்துப் பார்த்தால், சேலை தளிர்போல் இருக்க, திரையில் பாசி நிறம் தெரிந்தது. செறிவைக் கூட்டியபோது பச்சை சற்றே எழுந்தது, ஆனால் நெற்றிக் குங்குமம் ஓரம் கரைந்து ஒரே திட்டாகவும், கன்னம் செங்கல் நிறமாகவும் மாறின. என்னுடைய திரை, என்டிஎஸ்சி என்ற பழைய தொலைக்காட்சித் தரத்தின் நிறப்பரப்பில் 45 விழுக்காட்டை மட்டுமே காட்டக்கூடிய வகை; கணினிப் படங்கள் பெரும்பாலும் பின்பற்றும், 1999இல் பன்னாட்டுத் தரமாக வந்த எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு அதில் ஏறக்குறைய 72 விழுக்காடு வேண்டும். திரையில் இல்லாத பச்சையை எந்த அமைப்பாலும் கொண்டுவர முடியாது. இருக்கும் நிறங்களை விளிம்புக்குத் தள்ளத்தான் முடியும். செறிவை ஒரு புள்ளி அளவே உயர்த்தி நிறுத்திக்கொண்டேன்.

மின்கம்பியைக் கழற்றியவுடன் படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்குவதன் காரணம் இரண்டாம் ஆண்டில்தான் விளங்கியது. பேட்டரியை மிச்சப்படுத்த விளக்கைக் குறைத்து, அதை ஈடுகட்டக் கான்ட்ராஸ்டைக் கூட்டும் இன்டெல் மின்சேமிப்பு வசதி அது. படம் திருத்துபவர்கள் முதலில் அதை அணைத்துவிட வேண்டும்.

கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரின் புதுப்பிப்பு ஒன்று காமாவை மீண்டும் 1.0க்குக் கொண்டுபோய்விட்டது, இரண்டு வாரம் கழித்தே கவனித்தேன். இப்போது அளவுகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அம்மாவின் படத்தைத் திறந்து, குங்குமத்தின் ஓரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.