திரைவாசிப்பானுக்கு எந்தக் குரல்? கோத்தகிரியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

பார்வை மங்கிய பிறகும் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலையைத் தொடர்கிறேன் என்றால், கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான்தான் காரணம். பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. அதனுடன் சேர்ந்து வரும் ஈஸ்பீக் குரலை முதன்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். யாரும் பேசிப் பதிவு செய்த குரல் அல்ல அது. பெரும்பாலும் கணினி கணக்கிட்டு எழுப்பும் ஒலி. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக வேலைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.

காரணம் வேகம். பச்சைத் தேயிலை வரவுப் பட்டியலில் விவசாயியின் பெயர், கிலோ, தொகை எல்லாம் மளமளவென்று ஓட வேண்டும். இனிமையான புதிய குரல்களில் வேகத்தைக் கூட்டினால் சொற்கள் குழைந்து, எழுபதும் எண்பதும் ஒன்றுபோலக் கேட்கின்றன. உழைத்தவர் பணத்தில் அந்தக் குழப்பம் வரவே கூடாது. ஈஸ்பீக் எவ்வளவு விரட்டினாலும் அறுத்து உறுத்துச் சொல்கிறது. ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும்போதும் அதன் கீச்சுக் குரல் காதுக்கு எட்டிவிடுகிறது.

ஆங்கிலக் கடிதங்களுக்கு மட்டும் இந்திய உச்சரிப்புள்ள வேறு குரல். அமெரிக்கக் குரல் வாசித்தால் இங்குள்ள ஊர்களில் கட்டபெட்டு எது, அரவேணு எது என்றே புரிவதில்லை.

வீட்டில் கதை வேறு. கைப்பேசியில் நாளிதழ் கேட்கும் அம்மாவுக்கு ஈஸ்பீக் ஆகவே ஆகாது. கனத்த ஆண்குரல்தான் வேண்டும். "அந்தத் தம்பியையே படிக்கச் சொல்லப்பா" என்பார். முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சொலிகளை என்பதால் தாழ்ந்த குரல் அவருக்குத் தெளிவாக இருக்கிறது. அதோடு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்டு நாஸும் குவான் மின் லீயும் 2001இல் வெளியிட்ட ஆய்வும் நினைவுக்கு வருகிறது: கலகலப்பானவர்கள் கலகலப்பான கணினிக் குரலையும், அமைதியானவர்கள் அமைதியான குரலையும் விரும்பினார்கள், பேசுவது இயந்திரம் என்று தெரிந்தும். அம்மா நிதானமாகப் பேசுபவர், அவருடைய அந்தத் 'தம்பி' குரலும் அப்படியே.

எனக்குள்ள பெரிய மனக்குறை, நீலகிரி மலையின் மக்களான படகர் என்ற பெயரை இந்தக் குரல்கள் வாசிக்கும் விதம். 'படம்' என்பதில் வரும் அதே பகரமாக முதலெழுத்தை ஒலிக்கின்றன. இந்த மலையில் அப்படி யார் சொல்கிறார்கள்? 'பஸ்' என்பதில் வரும் ஒலி அல்லவா அது! ஒரு சொல்லை எப்படி வாசிக்க வேண்டும் என்று நாமே குறித்துவைக்கும் என்விடிஏயின் பேச்சு அகராதியில் அந்தப் பெயருக்கு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்துவைத்தேன். ஒலி சரியாகிவிட்டது, அந்த ஒரு சொல் மட்டும் ஆங்கிலச் சாயலில் வருகிறது. பெயரே பிழையாவதற்கு இது மேல் என்கிறார்கள் உடன் வேலை செய்யும் படகர் நண்பர்கள். தமிழ்க் குரல்களை உருவாக்குபவர்கள் மலைக்கு வந்து, இங்குள்ள ஊர்ப்பெயர்களையும் மக்களின் பெயர்களையும் இங்குள்ளவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.