ஓஎஸ்பிஎஃப் டைமர் வைக்க எஃப்ஆர்ஆர்: நம்பி எடுக்கலாம்

லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக ஓட்டுபவர்களுக்கு எஃப்ஆர்ஆர் (FRR) என்ற ரவுட்டிங் மென்பொருளைத் தைரியமாகச் சொல்வேன், காசும் கிடையாது. ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறையான ஓஎஸ்பிஎஃப்பில் (OSPF), ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அனுப்பும் ஹலோ பாக்கெட்டுக்கு 10 நொடி, ஹலோ வராவிட்டால் எதிர் ரவுட்டர் போச்சு என்று முடிவுகட்டும் டெட் டைமருக்கு 40 நொடி என்பதுதான் இயல்பாக வருவது. இரண்டு ரவுட்டருக்கு நடுவில் ஒரு சுவிட்ச் இருந்து அதற்கு அந்தப் பக்கம் கேபிள் போனால் நம் போர்ட் ‘அப்’ (up) நிலையிலேயே நிற்கும், டெட் டைமர் முடியும்வரை டிராஃபிக் எல்லாம் வீண். இன்டர்ஃபேஸுக்குள் போய் இரண்டையும் குறைத்துவிடலாம், ஆனால் எதிர் முனையிலும் அதே மதிப்பு வேண்டும், இல்லையென்றால் அந்த ரவுட்டர் நமக்கு நெய்பராகவே (பாதைகளைப் பகிரும் பக்கத்து ரவுட்டர்) வராது. நெய்பர் பட்டியலில் டெட் டைம் இறங்கிக்கொண்டே வந்து, ஹலோ கிடைத்ததும் மறுபடி ஏறுவது அப்படியே தெரியும். டெட்டை 1 நொடியாக்கவும் வழி உண்டு. அப்புறம், வேகம்தான் வேண்டும் என்றால், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று சட்டெனக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டியை (BFD) போடுங்கள்: 300 மில்லிநொடி இடைவெளியில் 3 பாக்கெட் தவறினாலே லிங்க் போச்சு என்று சொல்லிவிடும்.