பனிக்காலத்தில் சிறிய டிராக்டருக்கு எது கைகொடுக்கும்: எடையா, டயரா, சங்கிலியா?

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டருக்கு, டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. சமதளத்தில், புதிதாக விழுந்த பனியில் தேவையில்லைதான். ஆனால் வண்டிகள் ஓடி இறுகிய சரிவிலும், உருகி மறுபடி உறைந்த பனிக்கட்டியிலும் நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும்.

முதலில் எடையைப் பார்ப்போம். சங்கிலி வாங்கினாலும் இது இல்லாமல் முடியாது. முன்னால் லோடரில், அதாவது அள்ளும் வாளியில், பனியை அள்ளித் தூக்கியதும் பின்சக்கரத்தின் பாரம் குறைந்துவிடும். பாரமில்லாத சக்கரத்தில் எதை மாட்டினாலும் சும்மாதான் சுற்றும். பின்னால் கருவிகளை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் கனமான பெட்டியைத் தொங்கவிடுவது எளிய வழி. வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம்.

டயருக்குள் திரவம் ஏற்றுவது இன்னொரு வழி. வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அது கூடாது. கால்சியம் குளோரைடு கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ கனக்கும், கடுங்குளிரிலும் உறையாது. ஆனால் கசிந்தால் சக்கரத்தின் இரும்பு ரிம்மை அரித்துத் தின்றுவிடும். பீட்ரூட் சாற்றுத் திரவம் ஏறக்குறைய அதே கனம், துருப்பிடிக்க வைக்காது, விலைதான் அதிகம். கார் கண்ணாடி கழுவும் திரவம் மலிவு, ஆனால் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசானது. எதுவானாலும் வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை ஏற்றினால் போதும். டயரில் முக்கால் பாகம் நிரம்பிவிடும்.

எடைக்கும் ஓர் எல்லை உண்டு. பனியில் நன்றாக உதவும் அதே கனம், பனிக்கட்டியில் பெரிதாக எதுவும் செய்யாது. ரப்பருக்குக் கடிக்கப் பல் வேண்டுமே!

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயலுக்கான ஆர்-1 டயரின் உயரமான பட்டன் (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் மேடு) ஆழமான பனியில் தோண்டிக்கொண்டு போகும், பனிக்கட்டியில் தடுமாறும். அகலமான பட்டன் கொண்ட ஆர்-4 லோடர் வேலைக்கு ஏற்றது, இறுகிய பனியில் மோசம். புல்தரைக்கான ஆர்-3 பார்க்கச் சாது. ஆனால் நிறைய சின்னச் சின்ன விளிம்புகள் இருப்பதால் இறுகிய பனியில் அது நன்றாகவே பிடிக்கும். பனிக்காக மட்டும் முழு செட் டயர் மாற்றுவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

இனி சங்கிலி. இதில் வகைதான் முக்கியம். மலிவாகக் கிடைப்பது ஏணி வகை: இரண்டு பக்கச் சங்கிலி, நடுவே குறுக்குச் சங்கிலிகள். நான்கு கண்ணிக்கு ஒன்றாகக் குறுக்குச் சங்கிலி வைத்ததை வாங்கினால், அவை பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் தரையைத் தொடுவது பழையபடி ரப்பர்தான். சங்கிலி போட்டும் பயனில்லை என்று புலம்புகிறவர்களின் டயரைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் இந்தக் கதையாகத்தான் இருக்கும். இரண்டு கண்ணிக்கு ஒன்று வைத்தது எவ்வளவோ மேல். குறுக்குச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்த வலை வகை பள்ளத்தில் விழாது, பக்கவாட்டிலும் வழுக்க விடாது, ஓட்டமும் கடகடவென்று குலுக்காது. விலை கூடுதல். சரிவில் வேலை என்றால் நான் யோசிக்காமல் வலையைத்தான் எடுப்பேன்.

ஒரு ஜோடிதான் வாங்க முடியுமா? பின்சக்கரத்துக்குப் போடுங்கள். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். முன்னால் மட்டும் சங்கிலி போட்டு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால், பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். இறங்கும்போது நான்கு சக்கர இழுவையையும் போட்டே வைத்திருங்கள். அப்போதுதான் முன்சக்கரமும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

வாங்குமுன் டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பல சிறிய டிராக்டர்களில் உள்பக்கம் விரல் நுழையத்தான் இடம் இருக்கும். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற இடைத்துண்டு போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் இது தீரும், வண்டியும் சரிவில் கொஞ்சம் நிலையாக நிற்கும். மாட்டும்போது குறுக்குச் சங்கிலிக் கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்கட்டும். சிறிது தூரம் ஓட்டியதும் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள்.

சங்கிலியிடம் எனக்குள்ள ஒரே குறை தரைச் சேதம். தார், கான்கிரீட், செங்கல் தளம் எதுவானாலும் கீறும். நிலம் உறைவதற்கு முன்பே போட்டால் ஜல்லிப் பாதையை உழுதுவிடும். தளம் முக்கியம் என்றால் பட்டனில் திருகும் கார்பைடு ஆணிகளைப் பார்க்கலாம். கீறல் குறைவு, இடைவெளிப் பிரச்சினையும் இல்லை. ஆழமான பனியில் சங்கிலியளவுக்கு இழுக்காது, அவ்வளவுதான். திரவம் ஏற்றிய டயரில், துளைத்துக் கசிந்துவிடாதபடி, ஆணியின் நீளத்தைப் பட்டனின் உயரத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் திருகுங்கள்.