ஸ்னோபோர்ட் கார்விங்கில் ஸ்கீ சப்பாத்து: பல பருவப் பாவனைக்குப் பின்

குளிர்காலத்தைச் சுவிற்சர்லாந்தில் அண்ணன் குடும்பத்தோடும் ஆண்டின் மீதியை மட்டக்களப்புக் கல்லடியிலும் கழிக்கும் நான், பல பருவங்களாக ஸ்கீ சப்பாத்தை ஹார்ட்பூட் பைண்டிங்கில் (விறைத்த ஓடுள்ள சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில்) பூட்டியே ஸ்னோபோர்ட் ஓட்டிவருகிறேன். மட்டக்களப்பிலிருந்து அங்கே படிக்கப் போகும் உறவுப் பிள்ளைகள், கார்விங்குக்கென்று (பலகையை விளிம்பில் சாய்த்து வளைந்து ஓடுவதற்கென்று) தனிச் சப்பாத்து வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இயந்திரத்தால் சீராக்கிய கெட்டிப்பனியில் மட்டும் ஓடுவதாயின் தேவையில்லை என்பதே என் முடிவு.

பூட்டுவதில் சிக்கல் இல்லை. ஸ்கீ சப்பாத்துக்கான ஐஎஸ்ஓ 5355 தரத்திலான தட்டையான அடிப்பகுதியின் முன், பின் உதடுகளைப் பைண்டிங்கின் கம்பி வளையங்கள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. நடக்க வசதியாக வளைத்து ரப்பர் பதித்த கிரிப்வாக் அடியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. விழும்போது ஸ்கீ பைண்டிங் கழன்றுவிடும், ஹார்ட்பூட் பைண்டிங் கழலாது.

அதிகக் கவனம் வேண்டியது அடியின் நீளத்துக்கே. கார்விங் பலகையின் இடை, அதாவது நடுவே மிகக் குறுகிய அகலம், பெரும்பாலும் 18 முதல் 22 சென்ரிமீற்றர் வரை இருக்கும். 310 மில்லிமீற்றர் நீளமான அடியைப் பலகையின் குறுக்குக் கோட்டிலிருந்து 45 பாகையில் வைத்தால், சப்பாத்தின் அகலத்தைச் சேர்க்காமலே, குறுக்களவு ஏறத்தாழ 219 மில்லிமீற்றர் ஆகிறது. 60 பாகையில் அது 155 ஆகக் குறைகிறது. பலகையைச் சாய்க்கும்போது வெளியே நீளும் நுனி பனியில் உரசினால் விளிம்பு பிடிவிட்டு, ஆள் வழுக்கி விழ நேரும். ஸ்னோபோர்டுக்கென்றே செய்த ஹார்ட்பூட்டின் அடி குட்டையானதால் அதற்கு இவ்வளவு செங்குத்தான கோணம் வேண்டியதில்லை.

ஸ்கீ சப்பாத்தின் உண்மையான குறை பக்கவாட்டு விறைப்பில் இருக்கிறது. ஸ்கீயில் ஒவ்வொரு காலும் தன் பலகையைத் தானே சாய்ப்பதால் அந்த விறைப்பு அங்கே பலமாகிறது. இங்கே இரு கால்களும் ஒரே பலகையில் பிணைந்திருப்பதால், உடலை முன்னும் பின்னும் நகர்த்தக் கணுக்கால் பக்கவாட்டிலும் சற்று இசைந்து கொடுக்க வேண்டும். அது இசையாதபோது, பிற்பகலில் குலைந்துபோன பனியின் ஒவ்வொரு மேடும் முழங்காலில் இடிக்கிறது. முன்காலின் விரற்பக்கத்தையும் பின்காலின் குதியையும் ஆப்புத் தகடு வைத்து உயர்த்தியதும் எனக்குப் பெரும் ஆறுதல் கிடைத்தது. மேற்பட்டியைத் தளர்த்துவதும் ஓரளவு உதவும். கீழ்க் கொளுவிகளைத் தளர்த்தக் கூடாது, குதி எழும்பிவிடும்.

விறைப்பை ஊரில் வைத்து மதிப்பிடுவது பயனற்றது. கல்லடி வெப்பத்தில் இலகுவாக வளையும் பிளாஸ்ரிக் ஓடு, உறைகுளிரில் மிகவும் விறைத்ததுபோல் உணரப்படும். ஆகையால் முன்பக்க நெகிழ்வு குறைந்த சப்பாத்தைத் தேடி அலையாமல், நடுத்தரமானதையே எடுங்கள்.

ஊருக்குக் கொண்டுவந்தால் உள்ளுறையைக் கழற்றித் தனியாக, நிழலில் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் மாரி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். பைண்டிங்கின் திருகாணிகளை உப்புக்காற்று விரைவில் தின்றுவிடுவதால், என்னுடையவற்றை எண்ணெய் பூசி, காற்றுப்புகாத பெட்டியில் வைக்கிறேன். அடுத்த பருவத்தில் பூட்டுமுன் அவற்றையும் கம்பி வளையங்களையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கிறேன்.