குதிரை வாங்கப் போகிறீர்களா? முதலில் கால் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையைச் சவாரிக்கோ தாண்டல் போட்டிக்கோ வாங்க நினைப்பவர்கள், நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த மார்ச் மாதம் பெங்களூருக்கு வெளியே உள்ள ஒரு லாயத்தில், பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனத்தைச் சேர்ந்த ஏழு வயதுக் குதிரை ஒன்றை 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அதற்குச் சேணம் பூட்டியிருந்தார்கள். முன்னங்கால் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. நேற்று நிறைய வேலை வாங்கிவிட்டோம், அலுப்புத் தீரக் கட்டியிருக்கிறோம் என்றார் விற்றவர். பத்து நிமிடம் ஏறி ஓட்டிப் பார்த்தேன், நொண்டலின் சாயல்கூட இல்லை.

கோவைக்குக் கொண்டுவந்த ஐந்தாம் நாள் காலை, இடது முன்னங்காலின் பின்புறம், முழங்காலுக்கும் அதற்கடுத்த மூட்டுக்கும் நடுவே கை வைத்தபோது சூடு தெரிந்தது. பக்கவாட்டில் நேர்கோடாக இருக்க வேண்டிய அந்த இடம் வில்லாகப் புடைத்திருந்தது. தசையை எலும்போடு இணைக்கும், லாயங்களில் பொதுவாக நரம்பு என்றே சொல்லப்படும் தசைநாண் அது. மருத்துவர் எடுத்த அல்ட்ராசவுண்ட் படத்தில், வெண்மையாகத் தெரிய வேண்டிய நார்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி. சுற்றிலும் பழைய தழும்பு. ஆறிய காயத்தின் மேல் புதிய கிழிசல் என்றார். ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணியைக் கொடுத்து, குளிர்ந்த களிமண் பூசிக் கட்டி வைத்தால், சில நாட்களுக்கு நொண்டலும் வீக்கமும் அடங்கியிருக்குமாம். அப்படித்தான் செய்தார்கள் என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. வாங்கிய அன்றே ரத்த மாதிரி எடுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும். தொலைபேசியில் கேட்டதற்கு, எங்களிடம் நன்றாகத்தான் நின்றது, நீங்கள் ஓட்டியதில்தான் கோளாறு என்று பதில் வந்தது. வந்த நாள் முதல் நான் அதன் மேல் ஏறவே இல்லை.

இந்தக் காயத்தை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். நாலுகால் பாய்ச்சலில் இந்தத் தசைநாண் தன் தாங்குதிறனின் விளிம்பு வரை இழுபடுகிறது, அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது, ரத்த ஓட்டமோ குறைவு; ஆகவே கிழிந்த இடம் பழைய நெகிழ்வு இல்லாத தழும்பாகத்தான் ஆறுகிறது, பிறகு அங்கேயோ அதற்கு அருகிலோ மீண்டும் கிழிகிறது. வேகமான வேலைக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். தெரிந்தவர் ஒருவர் காலில் சூடு வைக்கச் சொன்னார். அதனால் தசைநாண் சீக்கிரம் ஆறாது, வேதனைதான் மிச்சம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

கட்டை அவிழ்த்து, காலைத் தூக்கி, விரலால் தசைநாணை மேலிருந்து கீழாக அழுத்திப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும். விற்பவரோடு தொடர்பில்லாத மருத்துவரை வைத்து இரு முன்னங்கால்களையும் ஸ்கேன் எடுத்திருந்தால், இழந்ததில் சிறு பங்குதான் செலவாகியிருக்கும். குளம்பின் முனை நீண்டு குதி தாழ்ந்திருந்ததையாவது கவனித்திருக்கலாம். பின்புறத் தசைநாண்களுக்கு அது ஆகாது, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும் என்று எங்கள் லாடக்காரர் பார்த்தவுடனேயே சொன்னார். நல்ல கால் உள்ள குதிரையையும் ஆழமான மணலிலோ கெட்டித் தரையிலோ களைத்த பிறகும் விரட்டக் கூடாது. வேகத்தை வாரக்கணக்கில், படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

இப்போது தினமும் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துகிறேன். அடுத்த ஸ்கேன் இம்மாத இறுதியில். அதே விற்பனையாளர் சென்ற வாரம் வெளியிட்ட விளம்பரப் படத்தில் வேறொரு குதிரை நிற்கிறது, இரு முன்னங்கால்களிலும் கட்டோடு.